கரண்டு வண்டிக்கும் காத்துதான்

டயர் வியாபாரம் என்பது ஊரையெல்லாம் ஓடவிட்டு, விற்கிறவன் மட்டும் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து தேய்கிற தொழில்.

சித்தூரில் இருபது வருஷம் அப்படித் தேய்ந்தேன். லாரி டயர், டிராக்டர் டயர், மாட்டு வண்டிக்கு மாட்டுகிற பழைய டயர் என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் ஊரே கரண்டில் ஓட ஆரம்பித்தது. கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு, எலக்ட்ரிக் வண்டிகளுக்கென்றே தனி டயர் வருகிறது, திருப்பதியில் கடை போடுகிறாயா என்றார்கள். சித்தூர் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்து போட்டேன். துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டியே காலம் தள்ளுகிற சக பாவிகளே, இதற்குமேல் நடந்ததெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

ராக்கெட் ஊர்க்காரர்

முதல் மாதம் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார்கள். மீதிப் பேர் மழைக்கு ஒதுங்கினார்கள். டயர் கேட்டு வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கடைக்கு மேலே மட்டும் பச்சை நிறத்தில் பெரிய போர்டு, அதில் ஒரு டயர், டயருக்கு நடுவே ஒரு மின்னல். எதிர்க்கடையும் டயர் கடைதான். அந்தக் கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கும்பிடுவது மலையில் இருக்கிறவரையா, என் போர்டையா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

கம்பெனி ஆபீசர் சூளூர்பேட்டையிலிருந்து மாதம் ஒருமுறை ரயிலேறி வருவார். இரண்டாம் மாதம் வந்தவர் உட்காரக்கூட இல்லை. பிரம்மோற்சவத்துக்குள் ஒரே ஒரு ஆட்டோ ஸ்டாண்டையாவது நம் டயருக்கு மாற்றிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் போர்டு எதிர்க்கடைக்குப் போய்விடும் என்றார். போர்டு போனால் நான் சித்தூருக்குத் திரும்ப வேண்டும். அங்கே மச்சான் என் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பாரா என்பதே நிச்சயமில்லை. புதுச் சரக்கு, ஜனங்களுக்குப் பழக நாளாகும் சார் என்று இழுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊரு பக்கத்துல இருந்து ராக்கெட்டே போய்க்கினு கீது. உங்களால ஒரு டயரு விக்க முடியலியா?"

ஒரு மணி நேர வகுப்பு

கம்பெனி கடைக்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தது. ஏசி ஹால், மத்தியானம் பிரியாணி, பெரிய திரையில் படம். அங்கே கற்றதையெல்லாம் யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் வந்து மாட்டினார்.

பேட்டரி கனம் சார், அதனால் டயர் தாங்க வேண்டும் என்றேன். முறுக்கியதும் வண்டி பாய்கிறது சார், அதில் ரப்பர் சீக்கிரம் தேய்கிறது, அதற்குத் தனிக் கலவை என்றேன். இஞ்சின் சத்தம் இல்லாததால் இத்தனை நாளும் நம் காதில் விழாத டயர் சத்தம் இப்போது விழுகிறது சார், அதைக் குறைக்கத்தான் இந்தக் கோடுகள் என்று விரலை வைத்துக் காட்டினேன். லேசாக உருண்டால் சார்ஜ் மிச்சமாகும் என்பது வரைக்கும் ஒன்று விடவில்லை. அவர் நல்ல மாணவரைப் போலக் கை கட்டிக் கேட்டார். முடிந்ததும் டயரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "எல்லாம் சரிப்பா. இது கருப்புல மட்டும்தான் வருதா?"

செல்வியின் நிபந்தனை

நான் பிடிக்க வேண்டிய ஸ்டாண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. இருபத்திரண்டு எலக்ட்ரிக் ஆட்டோ. அதற்குத் தலைவர் என்று யாரும் கிடையாது, செல்வி இருந்தாள். நகரிப் பக்கத்துப் பெண், ஒன்பது வருஷம் பெட்ரோல் ஆட்டோ ஓட்டியவள். ஸ்டாண்டிலேயே முதலில் கரண்டு வண்டி வாங்கியவளும் அவள்தான். அவள் பேச்சைக் கேட்டுத்தான் மற்ற இருபத்தொரு பேரும் மாறினார்கள். அதனால் எவன் வண்டி எங்கே நின்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும்.

நான் போய் என் வகுப்பை ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். முதலில் அவள் வண்டிக்கு மூன்று டயரையும் மாட்ட வேண்டும், பிரம்மோற்சவக் கூட்டம் வருவதற்குள் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வாள். அப்போது மாங்காய் சீசன், நடுவில் மூன்று நான்கு மாதம் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "நல்லா ஓடிச்சின்னா இருவத்திரெண்டும் உன்னுதுண்ணா. ஓடலன்னா உன் கடைப் பக்கம் ஆரன்கூட அடிக்க மாட்டோம்."

நாகராஜு செய்த துப்புரவு

என் கடையில் டயர் மாட்டுகிறவர் நாகராஜு. தெலுங்குக்காரர், தமிழும் சரளம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை மரியாதையாக 'நைனா' என்பார். வேலை மட்டும் அவர் நினைத்தபடிதான் நடக்கும். கம்பெனிப் பயிற்சிக்கு நான் மட்டும் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன், அவரை அழைத்துப் போகவில்லை. அதன் பலன் ஒரு டாக்டரின் காரில் தெரிந்தது.

டாக்டர் அம்மா புது எலக்ட்ரிக் காருக்கு நான்கு டயர் வாங்கினார். உள்ளதிலேயே ஒசத்தி ரகம், சத்தம் வராமலிருக்க உள்பக்கம் சுற்றிலும் பஞ்சு போல ஸ்பாஞ்சு ஒட்டி வரும். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். ஒரு வாரத்தில் டாக்டர் திரும்பி வந்து, சித்தூர் ரோட்டில் புத்தலப்பட்டு தாண்டும் வரைக்கும் டயர் ஊளையிடுகிறது என்றார். கழற்றிப் பார்த்தால் உள்ளே மொழுமொழுவென்று துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. ஸ்பாஞ்சு எங்கே என்று திரும்பினேன். நாகராஜு அதை நாலாக மடித்துத் தன் ஸ்டூலில் போட்டு, அதன்மேல் சுகமாக உட்கார்ந்திருந்தார். பிளேடு வைத்துச் சுரண்ட ஒரு மத்தியானமே ஆயிற்றாம். டாக்டருக்கு வேறு நான்கு டயர் மாட்டிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பிவிட்டு நாகராஜுவிடம் எகிறினேன். அவர் எழுந்திருக்காமலே கேட்டார்: "புது ஃபிரிட்ஜு வாங்கினா உள்ள கீற தெர்மாகோல எடுக்காமயே காய்கறி வெப்பியா நைனா?"

நாலு எலுமிச்சம்பழம்

புத்தலப்பட்டிலிருந்து கிருஷ்ணப்பா என்று ஒருவர், சரக்கு ஏற்றுகிற எலக்ட்ரிக் ஆட்டோவுக்கு டயர் மாற்ற வந்தார். கூடவே அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். டயர் மாட்டியதும் மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுக்கச் சொன்னார் அம்மா. கிருஷ்ணப்பா எடுத்தார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது, பழம் நசுங்கியது.

அம்மாவுக்குத் திருப்தி இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிவிட்டாய், மறுபடி எடு என்றார். இன்னொரு பழம். மறுபடி சத்தமில்லை. நாகராஜு பக்கத்துப் பெட்டிக்கடைக்கு இரண்டு தடவை ஓடினார். நான்காவது பழம் நசுங்கியதும் அம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கவலையோடு கேட்டார்: "உறுமாத வண்டி வந்து நின்னுக்கினு கீதுன்னு சாமிக்கு எப்பிடிப்பா தெரியும்?"

சொந்தக்காரர்கள்

இரண்டு வாரத்தில் கிருஷ்ணப்பா போன் செய்தார். உன் டயர் போட்டால் சார்ஜ் மிச்சமாகும் என்றாய், என் வண்டி சித்தூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே படுத்துவிடுகிறது என்று ஏசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி தாங்குகிற எடையைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியிலேயே அவர் வண்டி நின்றிருந்தது. மாங்காய்க் கிரேட்டை எண்ணினேன். சரியாகத்தான் ஏற்றியிருந்தார், ஒன்றுகூட அதிகமில்லை. கிரேட்டுக்கு மேலே மூன்று பேர், பின்பலகையில் இரண்டு பேர், டிரைவர் சீட்டில் அவரையும் சேர்த்து மூன்று பேர். தாளைக் காட்டி, லோடு இதற்குமேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கிறதே என்றேன். கிருஷ்ணப்பாவுக்கு என்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "மாங்காதான் லோடு. இவங்கல்லாம் சொந்தக்காரங்க."

வழுக்கை

இனி சிரிப்பு கொஞ்சம் குறையும். பிரம்மோற்சவத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு மத்தியானம் செல்வி வந்தாள். ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து என் கவுண்டர் மேல் தூக்கி வைத்தாள். மூன்று மாதத்து டயர். இரண்டு ஓரமும் கோடே தெரியாமல் வழுக்கையாகியிருந்தது. சார்ஜும் சொன்ன தூரத்துக்கு வரவில்லை என்றாள். ஸ்டாண்டில் மற்றவர்கள் கேலி பேசுகிறார்களாம். இவர்களைக் கரண்டு வண்டிக்கு இழுத்து வந்தவள் நான், இப்போது டயரிலும் ஏமாந்தால் என் முகத்தில் யார் முழிப்பார்கள் என்று கேட்டாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆபீசருக்கு போன் போட்டேன். ஓட்டுகிற விதம் சரியில்லை என்று எழுதிக்கொள் என்றார். ஒன்பது வருஷம் ஓட்டியவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு முட்டாள்தனம் செய்தேன். பேட்டரி கனம், முறுக்கினால் பாய்ச்சல், ரப்பர் கலவை என்று பழைய வகுப்பையே முதலிலிருந்து எடுத்தேன். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செல்வி முழுசாகக் கேட்டுவிட்டு, டயரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "உன் டயரு ரோட்ட விட உன் வாயிலதான்ணா நல்லா ஓடுது."

கை கழுவ வந்தவர்கள்

மறுநாள் காலையில் ஸ்டாண்டுக்குப் போய், ஒரு நாள் முழுக்க உன் வண்டியில் உட்கார்ந்து வருகிறேன், குறை எங்கே என்று கண்ணால் பார்க்கிறேன் என்றேன். பயணி சீட்டில் இடமில்லை, முன்னால் ஒட்டிக்கொள் என்றாள். கழற்றிய டயருக்குப் பதிலாக ஸ்டெப்னி மாட்டியிருந்தாள். ஸ்டேஷனிலிருந்து அலிபிரி, அலிபிரியிலிருந்து பஸ் ஸ்டாண்டு என்று ஏழெட்டு டிரிப். ஓட்டுவதில் ஒரு குறை இல்லை. குழந்தையைத் தூக்கிப் போவது போல ஓட்டினாள்.

ஒரு பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாசலை மிதித்துப் பத்து மாதம் ஆகிறது என்று பெருமையாகச் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் காத்து எங்கே அடிக்கிறாய் என்று கேட்டேன். செல்வி வண்டியை ஓரம் கட்டினாள். பெட்ரோல் வண்டிக்காரன் யாரும் காத்துக்கென்று தனியாகப் போவதில்லை. பெட்ரோல் போடப் போன இடத்தில் அப்படியே டயரையும் காட்டிவிட்டு வருவான். பெட்ரோல் நின்றபோது காத்தும் நின்றுவிட்டது. அது அவளுக்கும் தோன்றவில்லை, இருபது வருஷமாக டயர் விற்கிற எனக்கும் தோன்றவில்லை.

வண்டியைத் திருப்பி அந்தப் பங்க்குக்கே போனோம். எவ்வளவுக்குப் போடணும் என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே ஓர் ஆள் வந்தார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, காத்து மட்டும் என்றாள். ஸ்டாண்டிலே கூச்சமில்லாமல் நாலு பேரை அதட்டுகிறவள், அங்கே முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். காத்தடிக்கிறவர் சத்தியவேடு பக்கத்துத் தமிழர், வயதானவர். மீதி இரண்டு டயரிலும் காத்தளக்கிற கேஜை வைத்துப் பார்த்தார். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. பாதிக் காத்தில் டயர் நடுவில் குழிந்து, ஓரத்தாலேயே ஓடியிருக்கிறது. அவர் அடித்துக்கொடுத்துவிட்டு, சார்ஜ் வயர் தொங்குகிற வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்: "ஓட்டலுக்கு வந்து எதுவும் துன்னாம கை மட்டும் கழுவிக்கினு போறீங்க."

தெரிந்தவர்

கடைக்கு வந்து வழுக்கை டயரை எடுத்து நாகராஜுவின் முன்னால் வைத்து, காத்து குறைவு, அதனால்தான் ஓரம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தவனைப் போலச் சொன்னேன். அவர் ஸ்பாஞ்சு மெத்தையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்தார். பஞ்சர் ஒட்டுகிற யாரைக் கேட்டாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார்களாம். பின்னே செல்வி வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீதான் அவங்களுக்கு பாடம் நடத்திக்கினு இருந்தியே நைனா, நடுவுல பேசினா மரியாதையா?"

வந்ததுதான் வந்தோம்

செல்வி வண்டிக்கு மறுபடி மூன்று டயர் மாட்டினேன். வகுப்பெடுக்கவில்லை. கம்ப்ரஸரிலிருந்து ஒரு நீள ஹோஸை இழுத்து வாசலில் தொங்கவிட்டு, 'கரண்டு வண்டிகளுக்கு இங்கே காத்து' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். கூச்சப்படாமல் வாருங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன், அட்டையில் இடமில்லை. செல்வி மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து காத்தடித்துக்கொண்டு போனாள். எப்படி ஓடுகிறது என்று கேட்டால் பார்க்கலாம் என்பாள். ஸ்டாண்டிலிருந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு நாளை எண்ணுவதே வேலையாயிற்று.

கடைசியில் ஆபீசர் சொன்ன பிரம்மோற்சவக் கெடு வந்துவிட்டது. காலை ரயிலில் வந்திறங்கியவர் கூடவே ஏணிக்காரர் ஒருவரையும் அழைத்து வந்தார். ஏணியை என் போர்டுக்குக் கீழே சாத்தினார்கள். எதிர்க்கடைக்காரர் தன் கடை நெற்றியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வருகிறாற்போல் இருந்தது. அதை ஆபீசர் பார்க்கக்கூடாது என்று தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டயர்களின் மேலிருந்த தூசியைத் தட்டினேன். மச்சானிடம் என்ன சொல்லி அந்த ஸ்டூலைத் திரும்பக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாகராஜு என் தோளைத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். தெரு நிறைய ஆட்டோ. ஒரு சத்தமில்லாமல் வந்து ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நின்றிருந்தன. முன்னால் செல்வியின் வண்டி. ஏணிக்காரர் இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார். ஆபீசர் வாயைத் திறந்து எண்ண ஆரம்பித்தார், நான் எண்ணவில்லை, எனக்குக் கண் மறைத்தது. அப்புறம் நாகராஜு சொன்னார், இருபத்திரண்டுக்கும் பின்னால் இருபத்து மூன்றாவதாக எதிர்க்கடைக்காரரின் சொந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் நின்றதாம். செல்வி இறங்கி வந்தாள். இந்த டயரில் சாயங்காலம் அலிபிரிக்கு ஒரு டிரிப் கூடுதலாகப் போக சார்ஜ் நிற்கிறது, பதினைந்து நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொன்னேன் என்றாள். அப்புறம் ஹோஸை எடுத்துத் தன் பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்: "எல்லாரும் காத்தடிக்கத்தான் வந்தோம்ண்ணா. வந்ததுதான் வந்தோம், அப்பிடியே டயரையும் மாத்தி உட்டுடு."

இருபது வருஷம் ரப்பரைப் பற்றியே பேசி வயிறு வளர்த்த நான் கடைசியில் தப்பித்தது, அதற்குள்ளே சும்மா கிடக்கிற காத்தால்தான், அதையும் வயிறு வளர்க்கிற தொழிலில் யாரும் செய்யாத விதமாக இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.